ஏழாவது புள்ளி

ஜனவரி 9

அன்புள்ள ரப்பருக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் காது மட்டும் போன மாதத்தைவிட இன்னும் கொஞ்சம் மந்தம். இருபது வருஷம் மில் சத்தத்துக்கு நடுவில் நின்று துணி பார்த்த காது, வேறு எப்படி இருக்கும்? போன வாரம் அத்தான் போனை நீட்டி, "உன் தம்பி, பேசு" என்றார். நீ பேசியதில் பாதி கொர்ரென்று கேட்டது, மீதி கேட்கவே இல்லை. அதனால் வழக்கம் போலக் கடிதம். உன் இருமல் நின்றதா? என் மருமகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அவள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

நீ அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, தண்ணீருக்கடியில் கிடக்கும் தட்டு மாதிரி இருக்கிறது சூரியன். குறை உன் டெலஸ்கோப்பில் இல்லை, உன் சோம்பலில். பன்னிரண்டு மணிக்கு எழுந்துபோய் தகர ஷெட்டுக்கு மேலே பார்த்து எடுத்தால் அப்படித்தான் வரும். தகரம் சூடேறி, அதன் மேல் காற்று கொதித்துக்கொண்டிருக்கும். காலை ஏழரைக்குள் எடு. அரை மணி முன்னாலேயே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிடு, குழாய்க்குள் இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் ஒன்றாகட்டும். முகப்பில் மாட்டும் ஃபில்டர் தாளை ஒவ்வொரு முறையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார். ஊசித் துளை தெரிந்தால் இரக்கமில்லாமல் எறிந்துவிடு. ஃபோகஸை சூரியனின் விளிம்பில் பார்த்துச் சரிசெய்.

இத்துடன் ஒரு மெமரி கார்டு. ஐந்தாம் தேதி காலை எடுத்த வீடியோ, இரண்டாயிரம் படம் தேறும். காற்று அப்படி அசையாமல் நின்ற காலை எனக்கு வருஷத்தில் இரண்டு கிடைத்தால் பெரிது. என் கம்ப்யூட்டர் அதைத் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. தெளிவான இருநூறைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தா. நீதான் அந்த வேலையில் கெட்டிக்காரன்.

ஒரே ஒரு நிபந்தனை: எதையும் துடைக்காதே! பள்ளிக்கூட நோட்டில் எழுதியதைவிட அழித்தது அதிகம் என்று உனக்கு ரப்பர் என்று பெயர் வைத்தவளே நான்தான். வலது பக்கம் கீழே மங்கலாக ஒரு வட்டம் தெரியும். அது சூரியனுடையது இல்லை. என் கேமராவுக்குள் ஒட்டிக்கொண்ட தூசி. அத்தான் அதற்கு ஈ என்று பெயர் வைத்திருக்கிறார். டெலஸ்கோப்பை லேசாகத் தட்டினால் சூரியனும் அதன் கரும்புள்ளிகளும் நகரும், ஈ மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை விட்டுவிட்டால் அன்று ஏழு புள்ளிகள். பென்சிலால் வரைந்தும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். வானியல் சங்கத்துக்கு மாதாமாதம் புள்ளிகளின் எண்ணிக்கை அனுப்புகிறேன் இல்லையா, பதினோரு வருஷமாக? இந்த ஜூனில் என்னை நிலைப் பார்வையாளர் பட்டியலில் சேர்க்க யோசிப்பதாகச் செயலாளர் எழுதியிருக்கிறார். சேர்த்தால், மற்றவர்களின் எண்ணிக்கையை என் எண்ணிக்கையோடுதான் ஒத்துப்பார்ப்பார்கள். இருபது வருஷமாகத் துணியில் குறை எண்ணுகிறேன், அதற்கு ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. இது நடந்தால் எனக்குப் போதும். அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நீயும் வாயை மூடிக்கொண்டிரு.

வெந்நீர் குடி.

உன் அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. மழைதான் நிற்கவில்லை. புது வருஷம் பிறந்ததிலிருந்து பதினைந்து நாள் விடாமல் ஊற்றியது. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நேற்றுதான் கொஞ்சம் முகம் காட்டியது. நான் வழக்கம் போலத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

உன் வீடியோவை ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டு அடுக்கினேன். சாப்பாட்டு இடைவேளையில் ஆரம்பித்து, முடியும்போது ஆறு மணி. அக்கா, என்னவென்று சொல்ல? புள்ளியின் நடுவில் கருப்பு, சுற்றிலும் இழை இழையாகச் சாம்பல், அதற்கு வெளியே சூரியன் முழுக்க மணல் கொட்டியது போல. எழுந்து நின்றுவிட்டேன். நாள் முழுக்க பாஸ்போர்ட் படத்தில் பரு துடைக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும், நீயே சொல். நீ குறையை எண்ணிச் சம்பளம் வாங்குகிறாய், நான் குறையைத் துடைத்துச் சம்பளம் வாங்குகிறேன். நம் வீட்டில் குறைக்குக் குறைவே இல்லை.

பெரிய அளவில் பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். எதையும் துடைக்கவில்லை, ஈ பத்திரமாக இருக்கிறது. முதலாளியும் பின்னால் வந்து நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவள் அத்தைக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள்.

உன் தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள ரப்பருக்கு,

படம் வந்தது. காது தவிர மற்றதெல்லாம் சுகம். தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "அடி ஆத்தீ, சூரியனுக்கு அம்மையா போட்டிருக்கு?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஏழும் இருக்கிறது. இடது பக்கம் கீழே, விளிம்பை ஒட்டி, கடுகில் பாதி அளவில் ஒன்று இருக்கிறதே, பார்த்தாயா? அதுதான் ஏழாவது. அன்று காலைதான் பிறந்தது. அதைக் கண்டுபிடிக்க நான் நாற்பது நிமிஷம் கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

முதலாளி வெகுநேரம் பார்த்தார் என்று எழுதினாயே, பார்த்துவிட்டு என்ன சொன்னார்? அதை எழுதவில்லையே. மெமரி கார்டையும் திருப்பி அனுப்பு, என்னிடம் வேறு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் எழுந்து பழகு.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. கல்யாண ஆல்பம் வேலை கழுத்துவரை. எல்லோரும் சுகமே. கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் சூரியன் இன்னும் தண்ணீருக்கடியில்தான் கிடக்கிறது. அதை விடு.

சங்கத்துப் பத்திரிகை உனக்கு வீட்டுக்கே வருமா, அல்லது நூலகத்தில் போய்ப் பார்ப்பாயா? சும்மாதான் கேட்டேன்.

அவசரமாக முடிக்கிறேன்.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பத்திரிகை வீட்டுக்கே வரும். வந்தது. அட்டையில் உன் பெயரும் உன் ஊரும் போட்டிருக்கிறார்கள். வருஷத்தின் சிறந்த படம், ஜனவரி ஐந்து, காலை ஏழரை. அத்தான் கையில் வாங்கிப் பார்த்து, "பரவாயில்லையே, உன் தம்பி காலையில் எழுந்திருக்கானே" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அன்றைக்கு உங்கள் ஊரில் வெயில் அடித்தது பற்றிச் சந்தோஷம்.

சின்னவளுக்கு ஒரு பாவாடை தைத்து அனுப்பியிருக்கிறேன். இடுப்பு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அக்கா


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பாவாடை வந்து சேர்ந்ததா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? அத்தானை விட்டு உன் வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். உன் மனைவி எடுத்தாளாம், எல்லோரும் நலம் என்றாளாம், நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்றாளாம். இரண்டு தடவை போட்டார், இரண்டு தடவையும் குளித்துக்கொண்டிருந்தாயாம்.

இங்கே ஒரு சிக்கல். சங்கச் செயலாளரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் என் எண்ணிக்கைகளை எல்லாம் சரிபார்த்தார்களாம். ஜனவரி ஐந்தாம் தேதி நான் ஏழு என்று அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு மற்ற உறுப்பினர்கள் ஊரிலெல்லாம் மேகம். என் தாளும் உன் அட்டைப் படமும் மட்டும்தான் இருக்கின்றன. உன் படத்தில் ஆறுதான் இருக்கிறது. "படம் பொய் சொல்லாது என்பதால், தங்களுடைய விளக்கத்தை எதிர்பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். விளக்கம் சரியாக இல்லாவிட்டால் பட்டியலில் சேர்ப்பது நடக்காது. இந்த மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்.

உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். வேறொன்றுமில்லை.

நீ நன்றாக இருக்கிறாயா?

அக்கா


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் பதிலுக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். வெயில் காலம், தபாலும் மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது.

செயலாளருக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். அன்று என் கண் பிசகியிருக்கும், ஃபில்டர் தாளில் இருந்த ஏதோ அழுக்கைப் புள்ளி என்று எண்ணியிருப்பேன், ஆறு என்று திருத்திக்கொள்ளுங்கள் என்று. ஆக, விஷயம் முடிந்தது. பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தானே. நீ இதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அத்தான் போன் போட்டால் எடு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

இந்தக் கடிதத்தை மார்ச் மாதத்திலிருந்து எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அட்டையில் இருப்பது உன் படம், அக்கா. உன் வீடியோ, உன் காலை, உன் கண். அன்று முதலாளி பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீயா எடுத்தே?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் கடையில் ஒன்றரை வருஷமாக அவர் என்னை "ஏய் பரு" என்றுதான் கூப்பிடுவார். அன்று முதல்முறையாக, "உட்காருங்க, டீ சொல்றேன்" என்றார். அந்த டீயைக் குடித்தேன். குடித்த பிறகு எப்படி இல்லை என்று சொல்வது? சங்கத்துப் போட்டிக்கு அனுப்பச் சொன்னதும் அவர்தான். படிவத்தில் என் பெயரை எழுதியது நான்தான்.

அதோடு நிற்கவில்லை. நீ என்றாவது இதே படத்தை எங்காவது அனுப்பினால் இரண்டும் ஒன்று என்று தெரியக்கூடாதே என்று, படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். அப்புறம் ஈயைத் துடைக்கலாம் என்று தேடினேன். வலது பக்கம் கீழே என்று நீ எழுதியது மட்டும் தலையில் இருந்தது. வலது கீழே சின்னதாக ஒன்று தெரிந்தது. பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. தினமும் நூறு முகத்தில் செய்கிற வேலை, ஒரு நொடிகூட ஆகவில்லை. படத்தைத் திருப்பியதால் ஈ இடது பக்கம் போய்விட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பத்திரிகை கைக்கு வந்த அன்றுதான் பார்த்தேன். ஈ இடது பக்கம் சொகுசாக உட்கார்ந்திருந்தது. நான் துடைத்தது நீ நாற்பது நிமிஷம் பார்த்துக் கண்டுபிடித்த ஏழாவது புள்ளியை.

உன் மே மாதக் கடிதம் வந்தபோது உண்மையிலேயே குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஈரத்தலையோடு படித்தேன். உன் பட்டியல் போய்விடும் என்று தெரிந்தும் இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன் பார், படத்தை எடுத்ததைவிட அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

இன்று காலை செயலாளருக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். முதலாளியிடமும் சொன்னேன். மறுபடியும் பரு ஆகிவிட்டேன். சின்னவளிடம் சொன்னதுதான் கஷ்டம். பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வகுப்பில் காட்டியிருக்கிறாள். "அப்போ அது அத்தையோட படமாப்பா? நான் மிஸ்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். உண்மையைச் சொல் என்றேன். "நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். போகத்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ ஏழு என்றே உறுதியாக நில். உன் பென்சில் படத்தை அவர்களுக்கு அனுப்பு. ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காதே.

உன் தம்பி என்று எழுதக் கை கூசுகிறது.


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. கூசாமல் எழுது, நீ என் தம்பிதான்.

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன் கடிதம் கைக்கு வந்த அன்று சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போதே தெரியும். பத்திரிகை வந்த அன்றே பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் என் சூரியன் அப்படியே இருந்தது, வலது கீழே ஈ சகிதம். கேமராவில் என்னோடு ஐந்து வருஷம் குடியிருக்கிறது, எனக்கு அடையாளம் தெரியாதா? இடது கீழேதான் ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். பென்சில் படம் பீரோவில் இருக்கிறது, நீ போட்டுத் தந்த பிரிண்ட் சுவரில் இருக்கிறது. இரண்டையும் அனுப்பியிருந்தால் பத்து நிமிஷத்தில் என் எண்ணிக்கை நின்றிருக்கும். அனுப்பவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. தம்பி அக்காவின் படத்தைத் திருடினான் என்று சங்கத்தில் தெரிந்தால் நான் யார் முகத்தில் விழிப்பது என்று பயந்தேன். அதனால் ஏழை ஆறாக்கினேன். ஒரு துணியில் ஏழு குறை பார்த்துவிட்டு ஆறு என்று எழுதிய ஒரு பெண்ணை மில்லில் நான் ஒரு நாள் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அவள் முகம் நான்கு வாரமாக என் கண்ணுக்குள் நிற்கிறது.

நேற்று செயலாளரின் பதில் வந்தது. ஜனவரி ஐந்துக்கு ஏழு என்றே பதிவு நிற்கும் என்கிறார். ஆனால் பட்டியலில் என் பெயர் இல்லை. "எண்ணுவதில் யாருக்கும் தவறு வரலாம். சரியாக எண்ணியதை மாற்றிச் சொல்கிறவரை மற்றவர்களுக்கு அளவுகோலாக வைக்க இயலாது" என்று எழுதியிருக்கிறார். நான் இரண்டு தடவை படித்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். அதற்காகக் கடிதம் போடாமல் இருந்துவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் காதுக்கு ஏதோ கருவி வாங்கப்போவதாக அத்தான் சொன்னார். போனை நானேதான் எடுத்தேன்.

நீ கோபப்படு, அக்கா. எனக்கு அது வேண்டும். உன் பெயர் இல்லாத அந்தப் பட்டியலைச் சங்கத்தில் கேட்டு வாங்கி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் போனேன். முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று சொன்னேன். ஒரு வாண்டு எழுந்து, "அப்போ உங்களுக்கு அவங்க அடி கொடுத்தாங்களா?" என்று கேட்டது. இனிமேல்தான் என்றேன்.

கடையில் மாட்டியிருந்த படத்தை இறக்கிவிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். "படம் என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார். உன் பிரிண்டில் இருந்தது போலவே திருப்பாமல், ஏழு புள்ளியோடு புதிதாகப் போட்டு மாட்டினேன். கீழே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன்: "எடுத்தவர் என் அக்கா. ஒருமுறை கெடுத்தவன் நான்." வருகிறவர்களெல்லாம் நின்று படிக்கிறார்கள். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பழகவில்லை, பழக வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

பத்து நாளாக ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன். தகர ஷெட் பக்கம் போவதில்லை. தெருக்கோடியில் புல் முளைத்த காலி மனை இருக்கிறது, அங்கே போய் நிற்கிறேன். ஃபில்டரைத் தூக்கிப் பார்க்கிறேன், விளிம்பில் ஃபோகஸ் வைக்கிறேன். இத்துடன் இருப்பது இருபத்தோராம் தேதி காலை எடுத்தது. உன்னுடையது போல் இழை தெரியவில்லை. ஆனால் தண்ணீருக்கடியில் இல்லை, கரைக்கு வந்துவிட்டது. எதையும் துடைக்கவில்லை.

சங்கத்துக்கு நானும் எண்ணிக்கை அனுப்பலாமா என்று கேட்டேன். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தும் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தோராம் தேதி எனக்குப் பன்னிரண்டு வந்தது. டெலஸ்கோப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்று மட்டும் நகர்ந்ததா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை, இருந்தும் அதைச் சேர்த்துத்தான் எண்ணினேன். அன்று உனக்கு எத்தனை வந்தது? சொன்னால் என் தாளைச் சரிசெய்து அனுப்பிவிடுவேன்.

உன் தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள ரப்பருக்கு,

சுகம். கருவி வந்துவிட்டது. அத்தான் இவ்வளவு நாளாக எவ்வளவு முணுமுணுத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

படத்தைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் பெரிய புள்ளியில் இழை லேசாகத் தெரிகிறது, நீதான் கவனிக்கவில்லை. இன்னும் கால் மணி முன்னால் போய் நில்.

எனக்கு அன்று எத்தனை வந்தது என்று சொல்லமாட்டேன். இப்போதும் இல்லை, எப்போதும் இல்லை. என் தாள் சங்கத்துக்குப் போய்விட்டது. உனக்கு எத்தனை தெரிந்ததோ அத்தனை எழுது. தப்பாக இருந்தால் தப்பாகவே போகட்டும். பன்னிரண்டு என்று எழுதி, பேனாவை மூடிவிட்டு, தபாலில் போடு.

பேனாவால் எழுது. பென்சில் உன் கைக்கு ஆகாது.

உன் அக்கா